மாடியில் சோலார் போடலாமா, மானியம் எவ்வளவு: டெல்டா வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 2026-27 நிதியாண்டு வரை காலம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் யார் கேட்டாலும் ‘மானியம் எவ்வளவு?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் உங்கள் ஈபி பில்லைப் பாருங்கள், அப்புறம் மாடியைப் பாருங்கள், பிறகு மானியத்துக்கு வரலாம். கீழே இருப்பதும் அந்த வரிசைதான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு எழுநூறு ரூபாய் அளவில்தான் பில் வருகிறது. போடலாமா?

வேண்டாம். 2024 ஜூலைக் கட்டணப்படி எழுநூறு ரூபாய் பில் என்றால் நீங்கள் முந்நூறு யூனிட் அளவுக்கு எரிக்கிறீர்கள். அதில் முதல் நூறு யூனிட் இலவசம், அடுத்த நூறு மிக மலிவு. ஒரு கிலோவாட் சோலார் போட்டால் அந்தப் பில்லில் பெரும்பகுதி குறையும், உண்மைதான். ஆனால் வருடம் முழுக்க மிச்சப்படுவது நாலாயிரம் ரூபாய் அளவுதான். மானியம் போகக் கையிலிருந்து போடும் நாற்பது, ஐம்பதாயிரத்தை எடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிடும். ‘அரசு பணம் தருகிறது, விடாதீர்கள்’ என்று வாசலில் வந்து நிற்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். அடுத்த வருடம் ஏசி வாங்கப்போகிறீர்கள், மகன் குடும்பத்தோடு வந்து இருக்கப்போகிறான் என்றால் அப்போது யோசிக்கலாம்.

இரண்டு ஏசி, போர் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கிறது. எண்ணூறு யூனிட் ஓடுகிறது.

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது லாபம். தமிழ்நாட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். ஆயிரத்தைத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கு மேல். அதோடு, ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு அந்த இரண்டாவது நூறின் மலிவு விலையும் போய்விடும். எண்ணூறு யூனிட்டுக்குப் பில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டால் பன்னிரண்டு, இரண்டு மாதத்துக்கு எழுநூறைத் தொடும். விலை இரண்டு லட்சத்தை ஒட்டி வரும், மானியம் 78,000. மீதியை நாலைந்து வருடத்தில் எடுத்துவிடலாம். பேனலுக்குப் பெரும்பாலும் இருபத்தைந்து வருட உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள்.

இது வருடச் சராசரி என்பதை மறக்க வேண்டாம். மாசி, பங்குனியில் கூடுதலாக வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் மூன்று யூனிட்கூடத் தேறாது. அக்னி நட்சத்திரத்தில் கொட்டும் என்று நினைப்பார்கள். பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் போய்விடும். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம்.

எந்த மாதிரி வீட்டில் போடலாம்? எங்களுடையது ஓட்டு வீடு.

நாட்டு ஓடு, மூங்கில் அல்லது பனங்கை வாரை என்றால் பேச்சே இல்லை, அதில் ஆள் ஏறி நடக்கவே முடியாது. கீற்றுக் கூரைக்கும் அதே பதில். தேக்குச் சட்டத்தில் சீமை ஓடு போட்ட கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் கொக்கி போட்டு மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். முறைப்படி செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். ஓடு உடைந்து முதல் மழைக்கே கூடத்தில் அண்டா வைக்க வேண்டிவரும். பின்கட்டில் கான்கிரீட் போட்ட பகுதி இருந்தால் அதில் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேலும் வேண்டாம்.

கான்கிரீட் மாடி என்றால் ஒரு கிலோவாட்டுக்கு நிழலில்லாத நூறு சதுர அடி வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு முந்நூறு, நடந்து கழுவக் கொஞ்சம் வழி. எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். பேனலும் தாங்கு சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினைந்து, இருபது கிலோதான் வரும். நல்ல மாடி இதைப் பொருட்படுத்தாது.

நல்ல மாடியா என்பதுதான் கேள்வி. பழைய தொகுப்பு வீடுகளில் உள்கூரை பெயர்ந்து கம்பி தெரிவது டெல்டாவில் சாதாரணம். வீட்டுக்குள் நின்று, மேலே அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் நேர்கோட்டில் துருநிறத்தில் கறை இருக்கிறதா? ஒரு கம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்துகொண்டிருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று பொள்ளலாகக் கேட்டால், அங்கே காரை கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. அந்த மாடியில் முதலில் மராமத்து, பிறகுதான் சோலார். பேனல் போட்ட பிறகு கூரையைப் பழுது பார்ப்பது என்றால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள். ஒரு பேனலில் கொஞ்சம் நிழல் விழுந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று கம்பெனிக்காரர் சொல்வார். பேனல்களை வரிசையாக ஒரே ஓட்டத்தில் இணைக்கிறார்கள். நடுவில் ஒன்றின்மேல் மட்டை நிழல் விழுந்தால் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து அடிபடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வீடுகளில் முதல் பிரச்சினையே இதுதான்.

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போடுங்கள். மூன்று கோட்டிலும் படாத இடம்தான் உங்கள் இடம். இதை ஒரு மாதத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது, சூரியன் இடம் மாறும். நம் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து வரும்; அப்போது வடக்கே இருக்கும் மரம் தொந்தரவு தரும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். மாடி மட்டத்துக்கு மேல் இருபதடி உயர்ந்து நிற்கும் தென்னை, மார்கழி நண்பகலில் பதின்மூன்று, பதினான்கு அடிக்கு வடக்கே நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஆகவே தெற்கு, கிழக்கு, மேற்கு மரங்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

காய்க்கிற மரத்தை வெட்டிவிட்டுச் சோலார் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றலாம், மாடிப்படி அறையின் மேல் பேனலை ஏற்றலாம், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பேனலுக்கு ஒன்றாகச் சிறிதாகப் பொருத்தலாம் (மைக்ரோ இன்வெர்ட்டர்). கடைசியாகச் சொன்னது விலை கூடுதல். இன்னொன்று: நிழல் விழாவிட்டாலும் காய் விழும். மாடிக்கு மேலே தலை நீட்டும் மரத்தடியில் பேனல் வேண்டாம்.

கஜா மாதிரி இன்னொரு புயல் வந்தால்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காற்று பேனலை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. ஆகவே சட்டம் கூரையோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதுதான் எல்லாம். ஓட்டை போட்டால் மாடி ஒழுகும் என்று பயந்து, ரெடிமேட் சிமெண்ட் கட்டையைத் தட்டோட்டின் மேல் சும்மா வைத்து அதில் சட்டத்தை நிறுத்துகிறார்கள். உள் மாவட்டங்களில் எப்படியோ, நமக்கு அது ஆகாது. கால் நிற்கும் இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து, அடியிலுள்ள கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கி, அதன்மேல் சிறு கான்கிரீட் பீடம் கட்டி, சுற்றிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒழுகினால் கூலிக்காரர் ஊருக்குக் கிளம்புமுன் தெரிந்துவிடும்.

அடுத்தது உயரம். துணி காயப்போட, வடகம் பிழிய இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் கொட்டகை மாதிரி ஏற்றிக் கேட்கிறார்கள். புரிகிறது, ஆனால் உயர உயரக் காற்றின் பிடி கூடும். அப்படித்தான் வேண்டும் என்றால் குழாயின் கனத்தையும் குறுக்குச் சட்டங்களையும் கூட்டி, அதற்கான பணத்தையும் கொடுங்கள். எனக்குப் பிடித்தது தாழ்வான சட்டம், தெற்கு நோக்கிப் பத்து டிகிரிச் சாய்வு, கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி.

இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டவிடாதீர்கள். தலைஞாயிறு, கொள்ளிடக் கரை போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வாசல்படி ஏறும். மாடிப்படி அறையில், மழைச்சாரல் படாத சுவரில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பேனல் பக்கம், ஈபி பக்கம் இரண்டு சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். புயல் ஓய்ந்த பிறகு உடைந்து கிடக்கும் பேனலை நீங்களாகத் தொடக் கூடாது. வெளிச்சம் படுகிற நேரமெல்லாம் அதில் மின்சாரம் இருக்கும்.

கரண்ட் போனால் சோலாரில் விளக்கு எரியுமா?

எரியாது. பலரும் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். ஈபி லைனோடு இணைந்த சாதாரண சோலார், லைனில் மின்சாரம் நின்றதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நடுப்பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், வீட்டில் ஃபேன் சுற்றாது.

கஜாவுக்குப் பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நினைப்பில் சோலார் போடுகிறவர்கள் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்துக் கேட்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது, விலையும் கணிசமாக ஏறும். ஏற்கனவே வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், இரண்டும் தனித்தனி.

சரி, மானியம் எவ்வளவு?

ஒரு கிலோவாட்டுக்கு 30,000. இரண்டுக்கு 60,000. மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுவிளக்கு, லிஃப்ட் போன்றவற்றுக்குச் சங்கத்தின் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு.

வீட்டு மின் இணைப்பாக இருக்க வேண்டும், கடை இணைப்புக்கு இல்லை. முன்பு வேறு சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இதை ‘டிசிஆர் பேனல்’ என்பார்கள். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட முப்பதாயிரம் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்தால், டிசிஆர் என்று எழுத்தில் போட்டிருக்கிறாரா பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதுவும் கொட்டேஷனில் தெரிய வேண்டும்.

‘மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், மானியத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்’ என்கிறார்கள். சரியா?

மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கம்பெனிக்கு வராது. வேலை முடிந்து, ஈபி மீட்டர் மாற்றி, இயக்கச் சான்று பதிவான பிறகு வரும். அதுவரை முழு விலையும் உங்கள் பொறுப்பு, அல்லது வங்கிக் கடன். ‘கழித்துக்கொண்டு’ என்று பேசுகிறவர், பின்னால் உங்கள் கணக்கில் விழும் பணத்துக்கு இப்போதே காசோலை கேட்பார். விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. போனில் ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள்.

மீட்டர் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது.

டெல்டாவில் பாதி வீடுகளின் கதை. தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும், பில் அவர் பெயரில் தவறாமல் வந்துகொண்டிருக்கும். கட்டுகிறவரைக்கும் யாரும் கேட்பதில்லை. மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இணைப்பில் இருக்கும் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டிவரும்.

முதல் வேலை பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். சித்தப்பா சிங்கப்பூரில், அத்தை மன்னார்குடியில், பெரியப்பா பையனோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் இதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும், சோலார் மாட்ட இரண்டு மூன்று நாள் போதும். பாகம் பிரியாத வீடு என்றால் மாடியில் யார் காசில் எது நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் பாகப்பிரிவினையில் பேனலையும் எண்ண ஆரம்பிப்பார்கள்.

வீடு எங்களுடையது, மனை கோயிலுடையது.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூரில் இப்படி எத்தனையோ தெருக்கள். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பது ஒன்று, மனை வாடகை பாக்கி இல்லாமல் இருப்பது இன்னொன்று. கோயில் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுப் போய்க் கேட்பது நல்லது.

கடன் கிடைக்குமா?

மூன்று கிலோவாட் வரை இரண்டு லட்சம் அளவுக்கு, அடமானம் இல்லாமல், அரசு வங்கிகள் தருகின்றன. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 0.5 சதவீதம் சேர்த்து. நகைக்கடனைவிட இது மலிவு, ஆகவே நகையை எடுக்க வேண்டாம். மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிட்டால் தவணை லேசாகும்.

எப்படி விண்ணப்பிப்பது?

பிஎம் சூர்யகர் டாட் ஜிஓவி டாட் இன் (pmsuryaghar.gov.in) தளத்தில் ஈபி இணைப்பு எண், செல்போன் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பத்து கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஏற்றதாகவே கருதப்படும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு (ஒரே நேரத்தில் எடுக்க அனுமதித்த கிலோவாட் அளவு) குறைவாக இருந்தால் அதைக் கூட்ட வேண்டிவரலாம். அடுத்து, தளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர்களிடம் இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. ஆகவே கோயம்புத்தூரிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போகிறவரைவிடப் பக்கத்து ஊரில் ஆள் வைத்திருப்பவர் மேல்.

மாட்டியதும் ஈபி ஆய்வு, இருவழி மீட்டர், பிறகு மானியம். எர்த் குழி மூன்று தோண்டினார்களா என்று நின்று பாருங்கள். ஒரே குழியில் மூன்று கம்பியையும் இறக்கிவிட்டுப் போவது நடக்கிறது.

பெரிதாகப் போட்டு மிச்சத்தை ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாமா?

பகலில் மிச்சமாவது லைனுக்குப் போகும், இரவில் நீங்கள் எடுப்பதில் அது கழியும். அதுவரை நல்ல லாபம். ஆண்டுக் கணக்கு முடிவில் அதற்கும் மேல் மிஞ்சுவதற்குக் கிடைக்கும் விலை சொற்பம். தேவைக்குச் சற்றுக் குறைவாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

வேதாரண்யத்தில் இருக்கிறோம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டம் வேண்டவே வேண்டாம். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு (ஜிஐ) அல்லது அலுமினியம், எல்லா நட்டு போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சட்டத்தை மாடியில் வைத்து அறுத்து வெல்டிங் வைத்தால் அந்த வெட்டு வாயில்தான் முதலில் துரு ஏறும். அளவெடுத்து, வெட்டி, துளையிட்ட பிறகு துத்தநாகம் பூசியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எப்படிக் கழுவுவது?

விடியற்காலையில், கண்ணாடி சூடாகுமுன், மெத்தென்ற துணியால். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைத் திட்டு படியும். தை மாதம் அறுவடை இயந்திரம் ஓடும்போது பறக்கும் தூசுக்கு அடிக்கடி கழுவ வேண்டிவரும். காக்கை எச்சம் அப்படியே காய்ந்தால் அந்த இடம் நிரந்தர நிழல் மாதிரிதான்.

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் போட அரசே 7,500 பவுண்டு கொடுத்ததாம். இங்கே அதுவும் வருமா?

இங்கிலாந்து, வேல்ஸில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட அந்தத் தொகை கொடுக்கிறார்கள். அங்கே வீட்டையே சூடாக்க வேண்டும். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே விடும் இயந்திரம் அது. உங்கள் ஏசியின் வேலையைத் திருப்பிச் செய்வது. மாயவரத்தில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் இயந்திரம் வேண்டியதில்லை.

இங்கே அது வெந்நீர் போடப் பயன்படும். நம் சூட்டுக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு தரும். லாட்ஜ், கல்யாண மண்டபம், மருத்துவமனை வைத்திருப்பவர்கள் விசாரிக்கலாம். காலையில் இரண்டு வாளி வெந்நீர் வேண்டிய வீட்டுக்கு வேண்டாம். சூரிய வீடு மானியம் இதற்குக் கிடையாது.

வயல் மோட்டாருக்கு இதே திட்டத்தில் போடலாமா?

முடியாது, அது வேறு. சோலார் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கு மேலும் உண்டு. உங்கள் கோட்டத்தின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு போய்க் கேளுங்கள். ஏற்கனவே இலவச மின் இணைப்பு இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.